குண்டு விமானத்துக்கு உடைத்த தேங்காய்

அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அப்பா, அம்மா, ஒன்பது வயது நான், அம்மாவின் இடுப்பில் தங்கச்சி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், அவருடைய சிநேகிதர் இரண்டு பேர். மொத்தம் ஏழு. எங்கே போனாலும் ஆட்களை எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். திரும்பும்போது ஒன்று குறைந்துவிடுமோ என்ற பயம். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. கடல் கடந்து வந்து ஒடாஹுஹு என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஆமி பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் மாமா, இருபது வயதில் அங்கே வீட்டுக்குள் ஒளிந்திருந்தார். அவரை இங்கே எடுப்பதற்கு ஒரு வேலைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைத் தரக்கூடிய ஒரே மனிதர் பக்கத்து வீட்டுக் கிழவர். ஈஸ்ட் டாமாக்கியில் சொந்தமாக இரும்புப் பட்டறை வைத்திருந்தார். மூன்று மாதமாக "பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் மூன்று மாதமாக வேலிக்கு மேலால் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தா.

கிழவர் பழைய விமானம் ஒன்றைத் திருத்துகிறார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் அவரே வந்து, சக்கரம் பூட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக வெளியே உருட்டப்போகிறோம், குடும்பத்தோடு வாருங்கள் என்றார். அம்மாவுக்கு அது போதும். புது வாகனம் வெளிக்கிடுகிறது என்றால் எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு போவார்களா? சமோவாக்காரர் கடையில் தேங்காய் வாங்கினா. ஒடாஹுஹு முழுக்கத் தேடியும் சக்கரத்துக்குக் கீழே வைக்கச் சின்னத் தேசிக்காய் கிடைக்காததால், கிழவர் வீட்டு மரத்திலேயே மூன்று எலுமிச்சம்பழம் கேட்டுப் பிடுங்கினா. அவை மாங்காய் அளவு இருந்தன. சக்கரம் ஏறினால் நசியுமா, சறுக்குமா என்று எனக்குச் சனிக்கிழமை முழுவதும் கவலை.

கொட்டகை ஹென்டர்சன் என்ற ஊருக்கு அங்காலே. கதவைத் திறந்ததும் விமானம் பச்சை நிறத்தில் நீட்டுக்கு நின்றது. செட்டையில் பெரிய சிவப்பு வட்டம்.

"இஞ்சேருங்கோ, ஆரோ ஏற்கெனவே பொட்டு வச்சிட்டினம்!" என்றா அம்மா.

கிழவர் பெருமையோடு விளக்கினார். யுத்தக் காலத்து யப்பான் குண்டு விமானம். தீவு ஒன்றின் காட்டுக்குள் விழுந்து கிடந்ததைத் துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். மூன்று பேர் ஒருவர் பின்னால் ஒருவராக இருப்பார்களாம். குண்டு தொங்குவது இங்கே, வயிற்றுக்குக் கீழே.

"உங்கள் சிலோனுக்கும் போயிருக்கிறது, தெரியுமா? நீங்கள் அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள்," என்றார் அப்பாவிடம்.

"ஆறு வயது," என்றார் அப்பா. குனிந்து விமானத்தின் வயிற்றைப் பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

அதற்குள் அம்மா விமானத்தின் மூக்கில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழங்களையும் வைத்துவிட்டா. சிநேகிதரில் ஒருவர், "எலுமிச்சம்பழம் சரி, குடிக்க ஜின் எங்கே?" என்று கேட்க, மூன்று கிழவர்களும் சிரித்தார்கள். அம்மா தேங்காயை அப்பாவிடம் நீட்டினா. அப்பா வாங்கவில்லை.

"எனக்கு ஏலாதப்பா. நீரே உடையும்."

"பொம்பிளை உடைக்கிறதோ? அந்தாள் பாத்துக்கொண்டு நிக்குது. தம்பின்ர கடிதத்தை யோசியுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியாமல் நான் தலையாட்டினேன். தேங்காயை வாங்கினார். வீட்டில் அப்பா ஒரே அடியில் சரிபாதியாக உடைப்பார். அன்று தலைக்கு மேலே தூக்கி சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்தார். அது நூறு சில்லாகப் பறந்தது. தங்கச்சி வீரிட்டு அழுதாள். கிழவர்கள் கைதட்டினார்கள். சிரட்டை குத்தி டயர் காற்றுப் போனால் கடிதமும் போய்விடும் என்று, நான் முழங்காலில் நின்று ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினேன்.

விமானம் பழங்களை நசித்துக்கொண்டு பத்தடி உருண்டது. கிழவர் அப்பாவின் தோளில் தட்டி, "அந்தப் பையனின் பெயரை எழுதிக் கொடுங்கள்," என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

புறப்படும்போது ஜின் கேட்டவர் ஒரு தாளை நீட்டினார். விமானத்தைப் பறக்கவைக்க ஒவ்வொருவரும் தங்களால் ஆன தொகையை எழுதலாம். பிறகு தந்தால் போதும். அப்பா தன் பெயரை எழுதி, எதிரே இருபது டொலர் என்று எழுதினார்.

அன்றிரவு பொறுக்கி வந்த தேங்காயில் அம்மா சம்பல் அரைத்தா. அப்பா தொடவில்லை, வயிறு சரியில்லை என்றார். கடிதம் பத்தாம் நாள் வந்தது. மாமா அடுத்த வருடம் வந்தார்.

கரண்ட் பில் வந்த அன்றே கட்டுகிறவர் அப்பா. அந்தக் காசை மட்டும் கொடுக்கவில்லை. "அப்பா, இருபது டொலர்," என்று ஞாபகப்படுத்தினால், "ஓம் பிள்ளை, பாப்பம்," என்பார். கிழவர் வேலியோரம் வரும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று நான் உள்ளே ஓடிவிடுவேன். அவர் கேட்டதே இல்லை. வாக்குத் தவறிய மனிதரின் மகள் என்று வருடக்கணக்காக வெட்கப்பட்டேன்.

பதினாறு வயதில் பள்ளியை விட்டுப் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன். முதல் சம்பளத்தில் இருபது டொலரை உறையில் போட்டுக்கொண்டு கிழவர் வீட்டுக்கு இறங்கினேன். அப்பா வாசலில் மறித்து உறையை வாங்கினார்.

"அது நான் குடுக்கவேண்டிய காசு. நான் குடுக்கிறேல்லை. நீயும் குடாதை."

காசை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார்.

அப்பா செத்த பிறகுதான் அவருடைய சகோதரி, என் அத்தை, காரணம் சொன்னா. அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். யப்பான்காரன் குண்டு போட்ட அன்று காலையில் வேலைக்குப் போனவர், வரவில்லை. அம்மாவுக்கும் அது தெரியாது.

அந்த விமானம் பறந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. கிழவரும் இப்போது இல்லை. அப்பாவின் பெயருக்கு எதிரே இருபது டொலர் இன்னும் பாக்கி.