மணி அண்ணனின் விசைகள்

கணினி விளையாட்டு உருவாக்குபவர்கள் நாளெல்லாம் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு, நேற்றிருந்த வசதி இன்று காணாமல் போகும் வயிற்றெரிச்சல் தெரியாது. நீங்களும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பவரென்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தொடக்கூடாத நாள்

காஜா பெராங்கில் ரொட்டிக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். மெர்டேக்கா, அதாவது மலாயா சுதந்திரம் வாங்கிய காலத்து மலாக்கா டவுனை ஒரு விளையாட்டாக உருவாக்கிக்கொண்டிருந்தோம். முதலாளி பக்திமான். ஆயுத பூஜையன்று விசைப்பலகைகளுக்கெல்லாம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் கை வைக்கக்கூடாது. திரைகளை மட்டும் எரியவிடச் சொல்வார், சரஸ்வதி இருட்டில் இருக்கக்கூடாதாம்.

அந்த வருடம் கற்பூரம் எரியும்போதே எல்லாத் திரைகளிலும் ஒரு பெட்டி முளைத்தது. நாங்கள் விளையாட்டைக் கட்டும் மென்பொருளின் புதிய பதிப்பு இறங்கப்போகிறது, வேண்டாமென்றால் இங்கே அழுத்துங்கள் என்றது. நான் மவுஸை எட்டிப் பிடிக்கப்போனேன். முதலாளி என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத லா! சாமி கும்பிடுற நேரத்துல கெட்டது எதுவும் வராது!"

பதில் வந்தது

எங்களோடு வேலை செய்த மணி அண்ணனுக்கு வலது கை விரல்கள் மடங்காது. செங் வட்டாரத்தில் ஒரு பேக்டரி இயந்திரம் செய்த வேலை. அதன்பிறகுதான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். எங்கள் விளையாட்டில் வரும் தெருக்களெல்லாம் அவர் கட்டியவை. கட்டளைகள் எல்லாவற்றையும் இடது கை எட்டும் விசைகளுக்கு மாற்றி வைத்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடக்கும்.

பூஜையன்று தானாக இறங்கிவிட்ட புதிய பதிப்பில் ஒரு கையால் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் மவுஸை இழுக்க வேண்டும். விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதியையே எடுத்துவிட்டார்கள். எங்கள் வேலை முழுவதும் புதியதற்கு மாறிவிட்டதால் பழையதற்குத் திரும்பவும் வழியில்லை. அண்ணனின் நிலைமையை விளக்கி மென்பொருள்காரர்களுக்கு எழுதினேன்.

"அன்புள்ள பயனரே, புதிய முறை உங்களுக்கு விரைவில் பழகிவிடும்."

மூன்று கைகள்

அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமில்லை. அதனால் அவர் மவுஸைப் பிடித்துக்கொள்ள, நான் பக்கத்தில் உட்கார்ந்து விசையை அழுத்தினேன். "அமுக்கு" என்பார், "விடு" என்பார். திடலையும் கொடிக்கம்பத்தையும் அப்படித்தான் கட்டினோம். என் வேலை குவிந்தது. என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஒவ்வொரு முறையும் குரல் இறங்கும்.

முதலாளி பொல்லாதவர் இல்லை. பல நாள் பார்த்தும் பாராதவர்போல் இருந்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி, ஒரு வேலைக்கு இரண்டு ஆள் கட்டுப்படியாகாது என்றார். என் விரல் இன்னும் விசை மேல்தான் இருந்தது. அண்ணன் மெல்ல எழுந்தார்.

"பாஸ் சொல்றது சரிதான், தங்கச்சி. விடு."

மறுபடியும் ஒரு பெட்டி

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்பே இன்னொரு பதிப்பு இறங்கியது. பயனர்கள் விரும்பிக் கேட்டதால், விசைகளை இஷ்டம்போல மாற்றிக்கொள்ளும் வசதியைத் திரும்பத் தருகிறார்களாம். முதலாளியே அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். அழைத்தேன். அவர் புக்கிட் ரம்பாயில் ஒரு பேக்டரி வாசலில் காவலுக்கு இருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"மறுபடி மாத்திட்டாங்கன்னா என்னா செய்றது? வேணாம் தங்கச்சி. இங்க வாசல் கேட்டு இன்னும் பழைய வெர்ஷன்தான், ஒரு கையே போதும்."

மென்பொருள்காரர்கள் அன்று எழுதியது பொய்யில்லை, இரண்டு கையும் உள்ள எனக்கு அந்தப் புதிய முறை விரைவில் பழகிவிட்டது.