அழிக்காமல் விட்ட வீடியோக்கள்

யூடியூபில் காதல் நாவல்களுக்கு மட்டும்தான் நான் விமர்சனம் சொல்வேன். துப்பறியும் கதை, பேய்க் கதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கூலிம் நகரத்தில் பேக்டரி வேலை முடிந்ததும் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசுவேன். வீட்டில் பேசினால் பின்னால் அம்மாவின் மிக்சி அலறும்.

செர்டாங் ஊரில் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம் என்றதும் அம்மாவுக்குக் கிலி பிடித்துவிட்டது.

"டேய், அந்த வீடியோவெல்லாம் அழிச்சிடு. ஆம்பளப் பையன் காதல் கத படிச்சிட்டு மூக்க உறிஞ்சறத பொண்ணு வீட்ல பாத்தா மானம் கப்பலேறிடும்!"

"அது சளிம்மா."

"எல்லா வீடியோவுலயுமா சளி?"

எனக்கு வந்ததே கோபம்! அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் போட்டோவைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. வீடியோவைப் பார்த்துச் சிரித்து வேண்டாம் என்றுவிடுவாளோ என்று ஒரே பயம்.

பெண் வீட்டில் பழத்தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். பெண் காப்பி கொண்டுவந்து, "எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்று அம்மாவிடம் நீட்டினாள். அவளுடைய அப்பா, "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசட்டும்லா" என்று எங்களை வாசலுக்கு அனுப்பினார். செருப்பு அலமாரி பக்கத்தில் போய் நின்றோம்.

"உங்க வீடியோ எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றாள்.

போச்சுடா என்று நினைத்தேன்.

"அந்த நர்ஸ் கதையில, விட்டுட்டுப் போனவன அவ மன்னிச்சிருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அது எந்த ஊர் நியாயம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு போன்கூட பண்ணாதவன எப்படிங்க மன்னிக்கிறது?"

"அவன் அம்மா படுத்த படுக்கையா கெடந்தாங்கல்ல! அத படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன்! போன் எடுக்க எவ்ளோ நேரமாவும்?"

"அலாமா! மனசே இல்லாத ஆளு!"

"மனசு இல்லாமயா அவ்ளோ அழுதேன்?"

எங்கள் சத்தம் தெருமுனை வரை போயிருக்கும். உள்ளே பேச்சு நின்றுபோனது. காரியம் கெட்டது என்று முடிவுகட்டிய அம்மா, கொண்டுவந்த பழத்தட்டையே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "மனசுல வச்சிக்காதீங்கண்ணே, இவனுக்கு வாய் ஜாஸ்தி. நாங்க கெளம்பறோம்."

பின்னாலேயே வந்த பெண்ணின் அப்பா தலையைச் சொறிந்தார். "என்னம்மா, வேணாமா?"

"யாரு வேணாம்னு சொன்னா?" முகம் சிவந்து நின்றாள். "நாங்க இன்னும் பேசியே முடிக்கல. அத்தைய உள்ள உக்காரச் சொல்லுங்கப்பா."

அத்தை! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார். என்னைத் தாண்டும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அழிச்சிடாதடா."