சிவகௌரி மூடிய குழி

தெமோதரை பஸ்ஸில் இருந்தபோது சிவகௌரியின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா விடியப் போயிட்டா, மாஸ்டர். மாரடைப்பு." அன்று பின்னேரமே, நான் படிப்பிக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வாசலில் அவருடைய படத்துடன் பதாகை தொங்கியது: "எமக்குத் தூய நீர் தந்த தாய்க்கு அஞ்சலி – தோட்ட நிர்வாகம்." பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் பதுளையில் இரசாயனவியல் விரிவுரையாளர். எங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கிணற்றில் கதிர்த்தொழிற்பாடுள்ள ரேடியம் பாறையிலிருந்து கசிவதைக் கண்டறிந்தவர். கொதிக்கவைத்தாலும் அது போகாது. காக்காப்பொன்னைப் போல மினுங்கும் ஒரு கனிமத்தைத் தொட்டியில் நிரப்பி, தண்ணீரை அதனூடாக வடியவிட்டார். ரேடியம் அதில் ஒட்டிக்கொண்டது. "நாங்கள் நஞ்சை அழிக்கேல்லை, பிடிச்சு வைச்சிருக்கிறம். கனிமம் பழசானால் குழியிலை போட்டு மூடோணும்" என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பலமுறை சொன்னார். அதற்கென்றே சிமெந்துக் குழியும் கட்டுவித்தார்.

திறப்பு விழாவில் துரை கமராவுக்காகக் குழாயைத் திறந்து கை கழுவிவிட்டு, போத்தல் தண்ணீரைக் குடித்தார். சிவகௌரி குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து, அவர் முன்னாலேயே குடித்து முடித்தார்.

மறுவருடம் நானும் அவரும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனோம். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். வாசல் பாதை மினுங்கியது.

"இது என்ன?" என்று ஆயாவிடம் கேட்டார்.

"தொட்டியில கெடந்த பழசுங்க, மிஸ். சேறா இருக்குன்னு தொரைதான் கொட்டச் சொன்னாரு. புள்ளைங்க அள்ளி வெளையாடுதுங்க."

சிமெந்துக் குழியில் உர மூட்டைகள் இருந்தன. துரையோ, "மண்ணுதானே மிஸ்?" என்று சிரித்தார்.

"சீ! நீங்களும் ஒரு மனிசனே?" என்றார் சிவகௌரி. அவர் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகளை உடனே அப்புறப்படுத்தி, கைகால் கழுவச் செய்தார். கையுறையும் முகமூடியும் அணிந்து, பாதையை நனைத்து, நானும் அவருமாகச் சுரண்டி அள்ளி, உர மூட்டைகளை அகற்றிய குழியில் போட்டு மூடிப் பூட்டினோம். துரை ஜீப்பிலிருந்தபடி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். சிவகௌரி முறையிட்டு விசாரணைக்கு வந்த அதிகாரிகள் துரையின் பங்களாவில் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் கனிமம் மாற்றச் சிவகௌரியே பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

செத்தவீட்டில் துரை மலர்வளையம் வைத்தார், உரையும் ஆற்றினார். பிறகு என்னிடம் குனிந்து கேட்டார்: "மாஸ்டர், அந்தக் குழிச் சாவி உங்ககிட்டயா? உரம் வைக்க எடமில்லை."

பிரேதம் இன்னும் கூடத்தில் கிடந்தது.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் சிவகௌரியே என் கையில் தந்தது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். கொடுக்கமாட்டேன்.