சேலை வாங்கிய கொத்தனார்

சுகந்தி அக்கா, நீ உயிரோடு இருந்தபோது உன்னை இப்படி ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? உனக்குக் கேட்காது. அதனால் ஊரில் இருப்பவர்களுக்கும், என்னை மாதிரி வெளிநாட்டில் வந்து கிடப்பவர்களுக்கும் சொல்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ருமேனியாவில், ஒரு சின்ன டவுனில். வந்த முதல் நாள் காலையில் சைட்டுக்குள் நுழைந்தால் சாரத்தின் மேலே ஒரு பொம்பளை நிற்கிறாள். பெயர் டொய்னா. ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். காதில் சின்னத் தோடு, கையில் கரண்டி. பூச்சு வேலைக்கு அவள்தான் தலை. கீழே நான்கு ஆம்பளைகள் கலவையை வாளியில் அள்ளி அவளுக்குத் தூக்கிக் கொடுக்கிறோம். புது ஆள் என்பதால் எனக்கு அந்த வேலைதான். ஊரில் நான் கொத்தனார். இங்கே எடுபிடி. அது போகட்டும். அந்தப் பொம்பளையை யாரும் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கவில்லை, ஒரு கிண்டல் இல்லை. அவள் "ரெப்பேதே, ரெப்பேதே" என்று கத்தினால் சீக்கிரம் என்று அர்த்தம். மீசை வைத்த ஆட்கள் ஓடுகிறார்கள். நான் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளையே பார்த்து நின்றுவிட்டேன். கண்ணில் என்னவென்று கேட்டவனிடம் சிமெண்ட் தூசி என்று சொன்னேன்.

நம் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சுவர் கட்டுவது, பூசுவது எல்லாம் ஆம்பளை. அவன் கொத்தனார். சட்டியில் கலவை சுமப்பது பொம்பளை. அவள் சித்தாள். பதினைந்து வயதில் தலையில் சும்மாடு வைத்தவள் பாட்டியானாலும் சித்தாள்தான். எங்களுக்கு ஊர் அலங்காநல்லூர் பக்கம். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தது. பையனாகப் பிறந்து, பதினாறு வயதில் வேலைக்கு வந்து, இருபது வயதுக்குள் கொத்தனார் ஆனது. தவசி மேஸ்திரி செட்டில் அக்கா மாதிரி பூச்சு பூச ஆள் கிடையாது. வீட்டுக்காரர்களே கேட்டு வாங்குவார்கள். எனக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான். ஒரே வண்டியில் இரண்டு பேரும் காலையில் மதுரைக்குப் போவோம், பொழுது சாய வருவோம். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

கோச்சடையில் ஒரு வீடு முடித்தோம். கிளார்க்காக இருந்து ரிட்டயர்டு ஆன ஒருத்தருடைய வீடு. கிரகப்பிரவேசத்தன்று வேலை செய்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தாம்பாளத்தில் துணி வைத்துக் கொடுப்பார்கள் அல்லவா, கொத்தனாருக்கு வேட்டி துண்டு, சித்தாளுக்குச் சேலை. அக்காவின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். அக்கா முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அய்யா, எனக்கு வேட்டி வேணாம். சேலை குடுங்க."

"யாருக்குப்பா, வீட்ல கட்டிக்கப் போறவங்களுக்கா?"

"எனக்குத்தாங்கய்யா. என் பேரு சுகந்தி."

பின்னாலிருந்து ஒருத்தர், "என்ன மாப்ள, காலையிலேயே ஊத்திட்டியா?" என்றார்.

"ஊத்தலண்ணே. பத்து வருசமாச் சொல்ல நெனச்சத இன்னைக்குத்தான் சொல்றேன்."

வீட்டுக்கார அம்மா ஒரு பச்சைச் சேலையை எடுத்து வெற்றிலை பாக்கோடு நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கியது. கடைசியில் சேலை ஒன்று குறைந்தது. பஞ்சவர்ணம் என்று ஒரு சித்தாள், இருபது வருசமாக அந்தச் செட்டில் இருப்பவள், அவள் எழுந்து, "அந்த வேட்டிய இங்கிட்டு குடுங்க. எங்க வீட்ல ஒண்ணு துணியில்லாமத்தான் குடிச்சிட்டுக் கெடக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் முன்னால் போட்ட சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் இருந்து அக்கா, "ஒண்ணும் கேக்க மாட்டியாடா?" என்றது. நான், "பெட்ரோல் போடணும்" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. வீட்டில் அம்மா அந்தச் சேலையைப் பிரித்துப் பார்த்தது. மடித்துப் பெட்டியில் வைத்தது.

திங்கட்கிழமை பழங்காநத்தத்தில் புது வேலை. அக்கா அந்தச் சேலையைக் கட்டி, மேலே பழைய சட்டையைப் போட்டு வந்தது. சித்தாள்கள் எல்லோரும் அப்படித்தான் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்கள். அதை யாரும் தப்பாகச் சொன்னதில்லை. தவசி மேஸ்திரி அடிக்கவில்லை, விரட்டவில்லை. கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. நியாயம் பேசினார்.

"சேலை வாங்குனேல்ல? சேலை வாங்குனவ சட்டி தூக்கணும். வேலைன்னா அதுக்கு ஒரு மொறை இருக்கு. கரண்டியத் தம்பிகிட்ட குடு."

"கை அதே கைதானண்ணே?"

"கை அதேதான். சேலையக் கட்டிச் சாரத்துல ஏறுனா கீழ நிக்கிறவன் வேலையப் பாப்பானா, ஒன்னையப் பாப்பானா?"

"பேண்ட்டு போட்டு ஏறுறேன்."

"அப்பப் பேண்ட்டு போட்ட ஆம்பளையாவே இருந்துட்டுப் போயேன். யாரு வேணாம்னா?"

அக்கா என்னைப் பார்த்தது. நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கையை நீட்டிக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது. அதுவரைக்கும் நான் அரைக் கொத்தனார். அன்றிலிருந்து முழுக் கொத்தனார்.

சித்தாள்கள் பக்கம் அக்கா போனபோது பஞ்சவர்ணம்தான் இடம் விட்டாள். "வா ஆத்தா. இருவது வருசமாத் தூக்குறேன், ஒரு பய என் கையில கரண்டியக் குடுத்ததில்ல. நீ கையில இருந்ததக் குடுத்துட்டு வாரியே, கிறுக்கா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே சும்மாடு சுற்றிக் கொடுத்தாள். மேலே இருந்தவர்கள் வேண்டுமென்றே ராகம் போட்டு, "சுகந்தீ... கலவை" என்பார்கள். என்னிடம், "என்ன மாப்ள, ஒங்கண்ணே ஒனக்கு அண்ணியாயிட்டாராம்ல?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். காலையில் வேறு ஒருத்தன் வண்டியில் போக ஆரம்பித்தேன். அக்கா பஸ்ஸில் வந்தது.

மூன்று வாரம் அக்கா எனக்குச் சட்டி சுமந்தது. ஒரு நாள் கீழே இருந்து, "பாண்டி, சன்னல் பக்கம் வயிறு தள்ளுதுடா. மட்டக்கட்டைய வச்சு இழு" என்றது. சரியாகத்தான் சொன்னது. பூச்சு வெளியே உப்பித் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. "சட்டி தூக்க வந்தவ சட்டியத் தூக்கு. மேல என்ன பார்வை?" என்று கத்தினேன். அக்காவை ஒரு பொம்பளை என்று என் வாய் முதல் தடவையாகச் சொன்னது அன்றைக்குத்தான், வைவதற்காக. அக்கா சட்டியை இறக்கி வைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனது. அந்தப் பூச்சை மறுநாள் மேஸ்திரி உடைத்துத் திரும்பப் பூசச் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா தனியாக வேலை பிடித்தது. ஊர்ப்பக்கம் மாட்டுக் கொட்டம், பாத்ரூம், காம்பவுண்டுச் சுவர். வேறு கொத்தனார் வராத சின்ன வேலைகள். கொஞ்ச நாளில் பஞ்சவர்ணமும் மேஸ்திரியிடம் சொல்லாமல் அங்கே போய்விட்டாள். ஒரு தடவை போன் பண்ணி, "டேய், நானும் பூசுறேன்டா! ஒங்கக்கா தலையில கொட்டிக் கொட்டிச் சொல்லிக் குடுக்குறா" என்றாள். பின்னால் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு ஒரு மாடி வீடு கிடைத்தது. உயரமான சுவர். சாரம் கட்ட ஆள் வேண்டும். கூப்பிட்ட ஆம்பளைகள் யாரும் வரவில்லை. தவசி மேஸ்திரி கோபித்துக்கொள்வார் என்றார்கள், அவளோடு வேலை செய்தால் ஊர் சிரிக்கும் என்றார்கள். சாயங்காலம் அக்கா எனக்குப் போன் பண்ணியது.

"அரை நாள் வந்துட்டுப் போடா. கம்பு கட்ட மேல ஒரு ஆளு வேணும். பஞ்சவர்ணத்துக்கு ஏறிப் பழக்கமில்ல."

"சரி, காலையில வாரேன்."

காலையில் நான் அங்கே போகாமல் பழங்காநத்தம் சைட்டுக்கே போனேன். போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. பக்கத்தில் எல்லோரும் இருந்தார்கள். அக்கா ஒரு மணி நேரம் எனக்காகப் பார்த்துவிட்டு அதுவே ஏறிக் கட்டியிருக்கிறது. பாதிச் சுவர் பூசியும் விட்டது. சாயங்காலம் கம்பு சரிந்து அக்கா கீழே விழுந்தது. மூன்றாவது போன் பஞ்சவர்ணம் பண்ணியது.

அக்கா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தது. முதல் நாள் பேசியது. நான் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. "மேல பாதி நிக்குதுடா. காஞ்சிருச்சுன்னா பழசும் புதுசும் சேருற ஒட்டுத் தெரியும். போயிப் பூசிட்டு வா" என்றது. சரி என்றேன். அதற்கும் போகவில்லை. மறுநாள் அக்கா செத்துப்போனது. பஞ்சவர்ணம்தான் பிறகு தனியாக முடித்தாள். ஒட்டு நன்றாகத் தெரிகிறது.

செட்டு ஆட்கள் எல்லோரும் மாலையோடு வந்தார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். மீசை வைத்த பழைய போட்டோ, பழைய பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் கொத்தனார் என்று போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது பிடுங்கிக்கொண்டதைச் செத்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் ஆம்பளையாக ஆக்கித்தான் கொடுத்தார்கள். அந்தப் போட்டோவைப் போனிலிருந்து எடுத்து அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். கேட்டார்கள், அனுப்பினேன். எரிக்கக் கொண்டுபோகும் முன்னால் வேட்டி கட்டிவிட்டார்கள். அம்மா பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டு வந்து கையில் வைத்தபடியே வாசலில் நின்றது. யாரும் வாங்கவில்லை. நாற்பது நாளில் நான் ஏஜெண்டைப் பிடித்து, விசா வந்ததும் இங்கே வந்துவிட்டேன். சம்பாதிக்க வந்ததாகச் சொல்கிறேன். ஓடி வந்தேன் என்பதுதான் நிசம்.

இங்கே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டொய்னா என் போனை எட்டிப் பார்த்தாள். பஞ்சவர்ணம் எடுத்த போட்டோ அது. அக்கா சேலைக்கு மேலே சட்டை போட்டு, கரண்டியோடு பல் தெரியச் சிரிக்கும். "ப்ருமோவாசா" என்றாள். அழகி என்று அர்த்தம். அக்கா என்று சொன்னேன். தன் போனில் எதையோ பேசி, அது தமிழில் மாற்றியதை என்னிடம் காட்டினாள். உன் அக்காவை இங்கே வரச் சொல், எனக்கு நல்ல ஆள் வேண்டும் என்று இருந்தது. செத்துப்போனதைச் சொல்ல வாய் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். ஒரு வாரம் அந்தப் பொய்யிலேயே சந்தோசமாக இருந்தேன். அக்கா விமானத்தில் வந்து இறங்குகிற மாதிரியும், டொய்னாவுக்குப் பக்கத்தில் சாரத்தில் நிற்கிற மாதிரியும் நினைத்துக்கொள்வேன்.

அவள் மறுபடியும் கேட்டபோது பொய் சொல்ல முடியவில்லை. அக்கா பையனாகப் பிறந்ததையும், பொம்பளையானதையும், விழுந்து செத்ததையும் போனில் பேசி அவளிடம் நீட்டினேன். படித்தாள். சட்டென்று மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு மனசு அப்படியே உருகிவிட்டது. என் ஊரில் ஒருத்தரும் செய்யாததை இந்தப் பொம்பளை செய்கிறாளே என்று "மூல்சுமெஸ்க்" என்று இரண்டு தடவை நன்றி சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டில் என் ரூமில் இருக்கும் நேபாளக்காரரிடம் சொன்னால், இங்கே நான்கு வருசமாக இருப்பவர், அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "தம்பி, அவ ஒங்க அக்காவுக்காகப் போட்டிருக்க மாட்டா. கெட்டது எதையாச்சும் கேட்டா தன்னை ஒட்டாம இருக்கவும் அப்படித்தான் போடுவாங்க" என்று எனக்கு அரைகுறையாகப் புரிகிற இந்தியில் சொன்னார். அவர் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே படுத்தேன். மறுநாளிலிருந்து டொய்னா என் கையிலிருந்து வாளியை வாங்குவதில்லை. கீழே வைக்கச் சொல்லி விரலைக் காட்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே இருக்கிற சர்ச்சுக்குப் போனேன். நமக்கு அழகர்கோயிலும் பாண்டி கோயிலும்தான் தெரியும். ஆனால் எங்கேயாவது போய் நிற்க வேண்டும் போல இருந்தது. வெளியே மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு இரும்புப் பெட்டி. ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, இன்னொன்று செத்தவர்களுக்கு. அக்காவுக்கு ஒன்றைச் செத்தவர்கள் பெட்டியில் வைத்தேன். இன்னொன்றை எனக்காகக் கையிலேயே வைத்திருந்தேன். எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அங்கே ஒரு கிழவி சின்னச் சீட்டு கொடுத்தாள். அதில் பெயர் எழுதிக் கொடுத்தால் பாதிரியார் சத்தமாக வாசித்து வேண்டிக்கொள்வாராம். எனக்கு அவர்கள் எழுத்து தெரியாது. தமிழில் எழுதிக் கொடுத்தேன். பாதிரியார் ஒவ்வொரு சீட்டாக வாசித்துக்கொண்டு வந்தார். என் சீட்டு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியும். அதனால்தான் இதை எழுதினேன். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் என் அக்காவுக்காக ஒரு நிமிசம் வேண்டிக்கொள்ளுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லி வேண்ட வேண்டாம். அக்காவுக்காக மட்டும் வேண்டுங்கள். மனசுக்குள் வேண்டாமல் வாய்விட்டுச் சத்தமாக, அந்தச் சீட்டில் நான் எழுதியபடியே சொல்லுங்கள்: கொத்தனார் சுகந்தி.