காகிதத்தில் நின்றுபோன குளம்

வரைபடக் காப்பகத்தில் அவளை எல்லோரும் சுருளக்கா என்றே கூப்பிட்டார்கள். நாட்டில் எழுந்த கட்டடங்கள், எழாமலே போன கட்டடங்கள் எல்லாவற்றின் வரைபடங்களும் அங்கேதான் வந்து சேரும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பாதிக்கு மேல் பல காலம் பரணில் சுருண்டு கிடந்தவை. அவசரப்பட்டு விரித்தால் அப்பளம்போல நொறுங்கிவிடும். அவற்றை ஈரக்காற்றுப் பெட்டிக்குள் வைத்து, இளகும்வரை காத்திருந்து, உறிஞ்சுதாள்களுக்கு நடுவே பதமாகப் படியவைப்பது அவள் வேலை.

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. கோடுகளுக்குள் நுழைந்துவிடுவாள். படியேறுவாள், சன்னலைத் திறப்பாள், நீளமான நடையில் செருப்பில்லாமல் நடப்பாள். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

"பால் பொங்கி வழியுது. நீ எந்த மாடியில நிக்கிற?" என்பார் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"மூணாவது மாடிங்க. இறங்கி வரவேண்டாமா?" என்றபடி அடுப்பை அணைப்பாள்.

ஒரு மழைக்காலத்தில், இறந்துபோன கட்டடக்கலைஞர் ஒருவரின் வீட்டிலிருந்து சுருள்கள் வந்தன. அதில் ஒன்று விரிய மறுத்து நாள்கணக்கில் அடம் பிடித்தது. கடைசியில் மெல்ல இளகியபோது உள்ளே ஒரு பொது நீச்சல் குளம் இருந்தது. மேலே கண்ணாடிக் கூரை. சுற்றிலும் உட்கார வாகாக அகலப்படிகள். குழந்தைகளுக்கென்று ஒரு மூலையில் ஆழமில்லாத தண்ணீர். வெயில் எந்த நேரத்தில் எந்தப் படியில் விழும் என்றுகூட மெல்லிய கோடு போட்டிருந்தார் மனிதர். தாளின் ஓரத்தில் 'கைவிடப்பட்டது' என்று முத்திரை.

அதைப் பார்த்ததும் யாரோ தெரிந்தவர் போய்விட்டதுபோல இருந்தது அவளுக்கு. பிறந்ததிலிருந்து அவள் நீந்தியதே இல்லை. ஆனால் அன்று மதியம், தாளின் மேல் குனிந்தபடியே அந்தத் தண்ணீரில் மல்லாந்து மிதந்தாள். கூரையிலிருந்து வெளிச்சம் முகத்தில் அலையலையாக ஆடியது.

மறுநாள், குளம் வரவேண்டிய இடத்தைக் காட்டும் இடக்குறிப்புத் தாளும் விரிந்தது. ஒரு கால்வாய், கொக்கி போல ஒரு வளைவு, பாலம், இரண்டு சாலைகள் கூடும் முனை. அந்த வளைவை அவளுக்குத் தெரியும். கணவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போகிற நாளெல்லாம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறாள்.

"என்னங்க, நீங்க வண்டி நிறுத்துற டிப்போ இருக்கே, அங்க ஒரு நீச்சல் குளம் வரவேண்டியது."

"எங்க டிப்போலயா? டீசல் வாடையில எவன் குளிப்பான்?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும், "சரி, ஞாயித்துக்கிழமை வா. பாத்துருவோம்" என்றார்.

வரைபடத்தின் நகலோடு போனாள். டிப்போ மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "அப்போ நம்ம ஆபீஸ் ரூமு?"

"அது உடை மாத்துற இடம்ணே."

"மேலாளர்கிட்ட சொல்லிடாதீங்க, கதவைச் சாத்திக்குவாரு."

நடந்து நடந்து பேருந்து கழுவும் கொட்டகைக்கு வந்தார்கள். நகலைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். குளம் சரியாக அங்கேதான். அப்போதுதான் கழுவி முடித்திருந்தார்கள். தரையெங்கும் தண்ணீர் தேங்கி நின்றது. கூரையில் பதித்திருந்த மங்கிய பிளாஸ்டிக் தகடுகள் வழியே வெயில் வடிந்து, தண்ணீரில் பட்டு, நின்றிருந்த பேருந்துகளின் வயிற்றில் நெளிந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கணுக்கால்கூட நனையாத தண்ணீர்தான். ஆனாலும் நடுவே போய்க் கண்ணை மூடி நின்றபோது உடம்பு லேசாகிக்கொண்டே போனது. யாரும் கேலி செய்யவில்லை. கணவர் ஷூவோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

அடுத்த வாரமே டிப்போ ஆட்கள் அசல் வரைபடத்தைப் பார்க்கக் கூட்டமாகக் காப்பகத்துக்கு வந்துவிட்டார்கள். தேய்த்துத் தேய்த்துக் கை கழுவியிருந்தார்கள். படிப்பறையில் மூச்சுவிடவும் பயந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். வண்டி கழுவும் பெரியவர் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஏம்மா, இதைக் கட்டியிருந்தா எங்களை எல்லாம் உள்ள விட்டிருப்பாங்களா?"

அவள் தாள் முழுக்கத் தேடினாள். தனி வழி, பின் வழி எதுவும் இல்லை. முன்பக்கம் அகலமாக ஒரே வாசல். அதன் மேல் 'எல்லோருக்கும்' என்று கையெழுத்தில் எழுதியிருந்தது. அதை அவரிடம் காட்டினாள். பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்தார்.

இப்போது ஒரு நகல் டிப்போவின் ஓய்வறைச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே ஓட்டுநர்கள் மதியத்தில் கண்ணயர்கிறார்கள்.

"வண்டியைக் கழுவக் கொண்டுபோனா பசங்க கத்துறானுங்க, மெதுவா வா, இது ஆழமான பக்கம்னு" என்றார் கணவர் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? பாத்துப் பாத்துத்தான் இறக்கினேன்."