ரவை, முந்திரி, வாழைக்காய்

பூமாரி அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. சின்னமனூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அப்படி இருந்தவர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்த ஆரம்பித்தார். அவர் வீட்டுச் சமாசாரத்தை வெளியே சொல்வது நான்தான் என்று முடிவு கட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இ-சேவை சென்டர் நடத்துகிறவள் நான். ஊரில் பாதிப் பேருடைய ஆதார் என் மேசைக்கு வந்து போகிறது. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் நான் வாய் திறந்ததில்லை.

அவர் சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய ஒரே மகள் சினேகா, தேனியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அவளைச் சொந்தத்துக்கு வெளியில்தான் கொடுப்பது என்பது அக்காவின் பிடிவாதம். அக்காவுக்குப் பதினெட்டு முடிந்த கையோடு, பிளஸ் டூ பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அத்தை மகன் ராக்கையாவுக்குக் கட்டிவைத்தார்கள். முறை, அவ்வளவுதான். ராக்கையா அண்ணன் தங்கமான மனிதர், வாழைத்தோப்பு உண்டு, தானுண்டு என்று இருப்பவர். இருந்தாலும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. "என்னைய ஒரு வார்த்தை கேட்டாகளா ஷீலா?" என்று அவர் சொல்லி நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

ஆனால் வீரபாண்டியில் இருக்கும் நாத்தனார் பவுனு, தம்பி மகள் தன் மகன் மாரிசெல்வத்துக்குத்தான் என்று உறுதியாக இருந்தார். அதனால் பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் பூமாரி அக்கா மூச்சு விடமாட்டார். புருஷனுக்கே அன்று காலையில்தான் சொல்வார். அப்படியும் மூன்று தடவை, மாப்பிள்ளை வீட்டுக் கார் வருவதற்கு முன்பே பவுனு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கூடத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என் மகனுக்குள்ள பிள்ளையப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

யார் சொன்னது? அக்கா முதலில் பூக்காரியை மாற்றினார். அடுத்துப் புருஷனின் போனை வாங்கி நோண்டினார். மகளின் போனைச் சாயங்காலம்தோறும் சோதித்தார். கடைசியில் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பிடித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் முடிந்து வரும்போது என் வாசலில் நிற்கிறார். மன்னிப்பு எல்லாம் கிடையாது.

"ஷீலா, இங்கன வா. அந்தப் பெட்டி என்னைய மாரிசெல்வம்னு கூப்பிடுது."

பெட்டி என்றது ஸ்மார்ட் ஸ்பீக்கரை. பொங்கலுக்கு மாரிசெல்வம் கொண்டுவந்து கொடுத்தது. தேனியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். சொந்தத்தில் யார் என்ன வாங்கினாலும் அவன்தான் வந்து மாட்டுவான். அக்காவும் காபி கொடுத்து மாட்டச் சொல்லியிருக்கிறார். அன்று காலையில் மணி கேட்டபோது அது பேர் சொல்லி வணக்கம் வைத்திருக்கிறது.

அக்கா போனில் இருந்த ஆப்பைத் திறந்தேன். அக்கவுண்ட் மாரிசெல்வம் பேரில்தான் இருந்தது. இந்த வீட்டில் யார் அதனிடம் கடைச் சாமான் லிஸ்ட் சொன்னாலும் அது அவன் போனிலும் தெரியும் என்றேன்.

"களவாணிப் பய! காபி போட்டுக் குடுத்தேனே. அவன் போன்ல இருந்து பிரிச்சு விடு ஷீலா, இப்பவே பிரிச்சு விடு."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நான் இல்லை என்று தெரிந்துவிட்டது அல்லவா! ஆனால் எதையும் அழிக்கும்முன் ஒரு தடவை பார்த்துவிடுவது என் தொழில் புத்தி. பழைய லிஸ்ட்டைத் திறந்தேன். மூன்று தேதிகளில் ஒரே சாமான்கள்: ரவை, முந்திரி, வாழைக்காய். கேசரியும் பஜ்ஜியும். எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"நீங்களே சொல்லியிருக்கீகளே அக்கா."

"நானா? அன்னைக்குச் சாமானை நான் பேப்பர்லதான் எழுதுவேன். எழுதுன பேப்பரையும் அடுப்புல போட்டுருவேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதே பழைய பார்வை. எனக்குச் சுருக்கென்றது. சொன்ன ஆளின் குரல் அதில் பதிவாகியிருக்கும், நீங்களே கேளுங்கள் என்று கடைசித் தேதியை அழுத்தினேன்.

சினேகாவின் குரல். ரகசியம் பேசுகிறாற்போல, "ரவை. முந்திரி. வாழைக்காய்." கொஞ்சம் நிறுத்தி, "சீக்கிரம்."

அதையும் ஒரு சாமான் என்று நினைத்து அந்தப் பெட்டி நாலாவது வரியில் எழுதிவைத்திருந்தது.

சினேகா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா திரும்பினார். "ஏண்டி, எங்கிட்டச் சொல்ல உனக்கு வாயில்லையா?"

"நாளைக்கு லீவு போடுன்னு மட்டும் சொல்லுவ. போனை நீ பாக்குற. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே வர்ற. இது ஒண்ணைத்தான் நீ சந்தேகப்படல." பெட்டியைக் கைகாட்டினாள். "மாரி அத்தானைப் புடிச்சிருக்குன்னு நான் எப்பச் சொல்ல? என்னைய ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

பூமாரி அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவரை அந்த நிலையில் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்று மாதக் கோபமும் எங்கே போனது என்று தெரியவில்லை.

"பிரிக்கட்டுமா அக்கா?" என்றேன்.

"இரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "இதுகிட்ட எப்படிடி சொல்லணும்?"

சினேகா சொல்லிக் கொடுத்தாள். அக்கா பெட்டியின் பக்கத்தில் குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார்: "ரவை. முந்திரி. வாழைக்காய்." யோசித்து, "வர்ற ஞாயித்துக்கிழமை."

அது எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்பப் பிரி. மருமகனாவே வந்தாலும் என் வீட்டு லிஸ்ட்டு அவனுக்கு எதுக்கு?"