பதின்மூன்றாம் மாடிக் கையெழுத்துகள்

யாராவது கதவைத் தட்டினால் நான் உடனே திறப்பதில்லை. முதலில் மூச்சை அடக்குவேன். பிறகு குசினி லைற்றை அணைப்பேன். அதற்குப் பிறகுதான் காலடி கேட்காமல் போய், கதவில் பதித்திருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். ரொறன்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் அப்போது அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கவில்லை. அன்று கண்ணாடிக்கு அப்பால் நின்றவர் பக்கத்து அப்பார்ட்மென்ற் ஜமேக்காப் பெண்மணி. ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்பவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். கையில் ஒரு மட்டை, மட்டையில் கிளிப் போட்ட கடதாசி. கடதாசியைக் கண்டதும் பூட்டில் இருந்த கையை எடுத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்காபரோவில் ஒரு பழைய கட்டடத்தின் ஏழாம் மாடியில் நானும் கணவரும் இருந்தோம். கார்த்திகை பிறந்து மூன்று கிழமையாகியும் அறைகளைச் சூடாக்கும் ஹீற் வரவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரிடம் கேட்டால் நாளைக்கு என்பான். மறுநாளும் அதே நாளைதான். நாங்கள் குளிர் காய அவண் அடுப்பை எரியவிட்டு, அதன் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு, தலையில் கம்பளித் தொப்பியோடு சோறு சாப்பிட்டோம். யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி பிடித்திருந்தது.

எத்தனை நேரம்தான் ஒளித்து நிற்பது? திறந்தேன். வந்தவர் பொறுமையாக விளக்கினார். எல்லோரும் கையெழுத்து வைத்து நகரசபைக்கு அனுப்பினால் ஒரு இன்ஸ்பெக்டர் வருவார், குளிர்காலத்தில் ஹீற் தரவேண்டியது வீட்டுக்காரனின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது என்றார். கட்டடத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ் வீடுகள் இருக்கின்றன, அவர் தட்டினால் ஒருவரும் திறக்கிறார்கள் இல்லை, உனக்கு ஆங்கிலம் தெரியும், நீ கொண்டுபோ என்று மட்டையை என் கையில் தந்தார். நான் கொழும்பில் ஒரு கம்பனியில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். ஆனால் ஒருவரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் ஆங்கிலம் எனக்கு அப்போது வராது. மட்டையை வாங்கிவிட்டேன்.

வாங்கியதை இரண்டு நாள் அலுமாரிக்குள் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். எங்கள் அகதி வழக்கின் விசாரணை, ஹியரிங் என்பார்கள், மார்கழி மாதத்தில் வர இருந்தது. ஹியரிங்குக்கு முன் பெயர் எதிலும் அடிபடக்கூடாது என்பதுதான் கட்டடத்தில் இருந்த அத்தனை தமிழ்ச் சனத்தின் நம்பிக்கை. வீட்டுக்காரன், பொலிஸ், இமிக்கிரேசன், பஸ்ஸில் ரிக்கற் பார்ப்பவன் எல்லாம் எங்களுக்கு ஒரே ஆள்தான், தொப்பியை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறான். வீட்டுக்காரனோடு வாய்த்தர்க்கம் பட்ட ஒருவருக்கு வழக்குத் தோற்றுப்போனதாம் என்று ஒரு கதை மாடிக்கு மாடி இறங்கியது. அந்த ஒருவர் யார், எந்தக் கட்டடம் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததாலேயே நாங்கள் அதை முழுதாக நம்பினோம். நானும்தான். இன்று இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

ஜமேக்காப் பெண்மணிக்கு ஹீற் இல்லாதது வீட்டுக்காரன் செய்த பிழை. எங்களுக்கு அது வந்த இடத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. குளிர் எங்களுக்குப் பிரச்சினையாகவே தெரியவில்லை. கடதாசிதான் பிரச்சினையாகத் தெரிந்தது. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றிவிட்டு வந்த கணவர், சப்பாத்தைக் கழற்றாமலே நின்று சொன்னார்:

"ஹியரிங் முடியட்டும். அதுக்குப் பிறகு நீர் பிரதமருக்கெண்டாலும் எழுதும்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். பட்டியல் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கொழும்பில் ஒரு வீட்டின் பின்னறைகளில் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒன்பது பேர் வாடகைக்கு இருந்தோம். என் தம்பியும் என்னோடு இருந்தான். வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது அப்போதைய கட்டளை. வீட்டுக்கார அம்மா என்னிடம்தான் வந்தார். பிள்ளை, நீதான் தட்டெழுத்துக்காரி, வடிவாக அடித்துத் தா என்றார். அடித்துக் கொடுத்தேன். பிழையில்லாமல், ஓரம் ஒழுங்காக, ஒன்று இரண்டு மூன்று என்று இலக்கமிட்டு. மூன்றாவது பெயர் தம்பியுடையது. பத்து நாள் கழித்து, விடிந்து வெளிச்சம் வந்த நேரம், அந்தக் கடதாசியோடு வந்தார்கள். என் எழுத்துகளை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். மூன்றாவது பெயருக்குத் தம்பி "ஓம், நான்தான்" என்று முன்னுக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிட்டால் சொல்வது போலச் சொன்னான். அதற்குப் பிறகு அவனை நான் காணவில்லை. என் அம்மா ஊரில் இருந்து ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மட்டையை அலுமாரியிலிருந்து எடுக்க வைத்தது ஒரு குழந்தை. எங்கள் மாடியின் கடைசி அப்பார்ட்மென்றில் மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். இருபத்தொரு வயது, பிள்ளை பிறந்து ஐந்து கிழமை. எங்கட அடுப்புப் பழுது, குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுடவைத்துத் தருவீங்களா என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். குழந்தையின் கையை விரித்துப் பார்த்தேன். நகம் நீலம். நீலத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது, முதற் பயத்தை அது கொஞ்சம் தள்ளி வைத்தது.

கதவு கதவாகப் போனேன். அடித்துத் துரத்துவார்கள் என்று நினைத்தால், ஆச்சரியம், மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார்கள். தேத்தண்ணி வேறு தந்தார்கள். எட்டாம் மாடி அங்கிள், ஊரில் முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு முத்து முத்தாக எழுதினார். எங்கள் சனத்துக்குத் துணிவு வந்துவிட்டது என்று படியிறங்கும்போது பூரித்துப் போனேன். யார் என்ன எழுதினார்கள் என்று பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் என் வரி மட்டும் மிஞ்சியது. குசினி மேசையில் பேனையோடு இருந்தேன். என் பெயரின் முதல் எழுத்தைக் கூடக் கை எழுத மறுத்தது. பிறகு கை தானாக எழுதியது, தம்பியின் பெயரை. அப்பார்ட்மென்ற் இலக்கத்தில் ஒரு மாடியைக் கூட்டிப் போட்டேன். மட்டையை ஜமேக்காப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அவனை இனி ஒருவராலும் ஒன்றும் செய்யமுடியாது என்று என் கை முடிவெடுத்திருக்கிறது. அம்மா இன்னும் எடுக்காத முடிவு.

இரண்டு கிழமை கழித்துக் கதவு தட்டப்பட்டது. அதே பெண்மணி. இந்த முறை வாசலுக்கு உள்ளே வரவில்லை. வீட்டுக்காரன் தன் வாடகைப் பதிவோடு எங்கள் பட்டியலை ஒப்பிட்டு, இந்தப் பெயர்களில் அநேகம் பேர் இந்தக் கட்டடத்திலேயே இல்லை, எல்லாம் பட்டியலைத் தொடங்கிய ஜமேக்காக்காரியே இருந்து எழுதிய கள்ளக் கையெழுத்து என்று நகரசபைக்கு எழுதியிருந்தான். அதையே காரணம் காட்டி, வீட்டை விட்டுப் போகச் சொல்லி அந்தப் பெண்மணிக்குக் கடிதம் கொடுத்துவிட்டான். அவர் கடதாசியை நீட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். 1304. எங்கள் எலிவேற்றரில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினான்கு. பதின்மூன்று ராசியில்லை என்று இந்த ஊரில் அந்த மாடியையே விட்டுவிட்டு எண்ணுவார்கள். முப்பது வருடம் கடிதம் பிரித்த அங்கிள், பூமியில் இல்லாத விலாசத்தை அழகாக எழுதியிருந்தார்.

ஜமேக்காப் பெண்மணி கோபிக்கவில்லை. இவர்கள் உண்மையான ஆட்களா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அப்படியானால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு லொபிக்கு வரச்சொல், இன்ஸ்பெக்டர் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார், ஒருவரும் வராவிட்டால் நான் பிள்ளைகளோடு வெளியே போகவேண்டியதுதான் என்றார்.

பெயரைக் கூப்பிடுவார் என்ற இடத்திலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது.

திரும்பவும் கதவு கதவாகப் போனேன். இந்த முறை தேத்தண்ணி இல்லை. எல்லோரும் பொய்ப் பெயர்தான் எழுதியிருந்தார்கள். செத்துப்போன பெரியப்பாவின் பெயர், ஊரில் வேலிச் சண்டை பிடித்தவனின் பெயர். ஒருவரோடு ஒருவர் பேசி வைத்ததில்லை, ஒரே பயம் எல்லோருக்கும் ஒரே புத்தியைக் கொடுத்திருக்கிறது. அங்கிள் சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரல் அளவு திறந்தார்.

"பிள்ளை, உவங்கள் எல்லாம் ஒரே வயர். இஞ்ச சொன்னா அங்க கேக்கும். நீ போறதெண்டாப் போ, என்ர பேரை மட்டும் சொல்லாத."

போவதில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அடுத்த கிழமை ஹியரிங். சனி காலை சுவருக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண்பிள்ளைகள் இரண்டும் சிரித்து விளையாடும் சத்தம் கேட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது, முதலில் அவர்கள் மேல், பிறகு என் மேல். மட்டக்களப்புப் பிள்ளையின் கதவைத் தட்டி, வருகிறாயா என்று கேட்டேன்.

"வாறன் அக்கா. நான் என்ட பேரத்தானே எழுதின."

குழந்தை நீலமாகும்போது பொய்ப்பெயர் யோசிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லைப் போலும். கணவரிடம் சொல்லவில்லை. அவர் ஓவர்ரைம் போயிருந்தார்.

லொபியில் ஒரு மடக்கு மேசை. இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது மனிதர், சப்பாத்திலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. பக்கத்தில் வீட்டுக்காரனின் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் வாசிக்கத் தொடங்கினார். ஜமேக்காப் பெண்மணி, கயானாக் குடும்பம் ஒன்று, பிலிப்பைன்ஸ் தம்பதி, ஒவ்வொருவராகக் கை உயர்த்தினார்கள். மட்டக்களப்புப் பிள்ளை குழந்தையின் பிஞ்சுக் கையைத் தூக்கிக் காட்டினாள், அவர் சிரித்தார். பிறகு தமிழ்ப் பெயர்கள். ஒன்று. ஒருவருமில்லை. இன்னொன்று. ஒருவருமில்லை. செத்தவர்களின் பெயர்களை அவர் நாக்குப் புரளாமல் சிரமப்பட்டு வாசிக்க, வீட்டுக்காரனின் ஆள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். வெளிக்கதவு எத்தனை அடி தூரம் என்று கண் அளந்துகொண்டிருந்தது.

தம்பியின் பெயரை வாசித்தார். பிழையாகத்தான் வாசித்தார், ஆனாலும் அது அவன்தான்.

ஓம் என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு முன்னுக்குப் போய், அந்தப் பெயர் என்னுடையதல்ல, ஆனால் எழுதியது நான்தான், நான் இங்கே ஏழாம் மாடியில் இருக்கிறேன், பயத்தில் அப்படி எழுதினேன், வராதவர்களும் அப்படித்தான், இந்த அம்மா ஒன்றையும் கள்ளமாக எழுதவில்லை என்று சொன்னேன். ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது. என் உண்மைப் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன். பின்னால் படிக்கட்டுக் கதவு திறந்தது. எட்டாம் மாடி அங்கிள், மேலே குளிர்க் கோட்டும் இடுப்பில் சாரமுமாக, அங்கேயே நின்று எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. மேசைக்கு வந்து, பதின்மூன்றாம் மாடி தான்தான் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருக்குப் பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவேயில்லை.

அது போதுமாக இருந்தது. அடுத்த புதன்கிழமை ஹீற் வந்தது. பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தை வீட்டுக்காரன் திரும்ப வாங்கிக்கொண்டான். ஹியரிங்கில் தம்பியைப் பற்றிக் கேட்டார்கள், ஹீற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரே வயர் என்று நாங்கள் நம்பியது எங்கேயும் போய்ச் சேராத வயர். ஆனாலும் இன்றுவரை யாராவது கதவைத் தட்டினால் நான் லைற்றை அணைக்கிறேன்.

இவை எல்லாம் பிறகு நடந்தவை. அன்று லொபியில் இன்ஸ்பெக்டர் என் பெயரை ஓரத்தில் எழுதிவிட்டு, பேனையை அந்த வரியின் மேல் வைத்தபடி நிமிர்ந்து, இவர் யார் என்றார். என் தம்பி என்றேன். இந்தக் கட்டடத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கே இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. அப்படியானால் இந்தப் பெயரை வெட்டிவிடவா என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார்.

வெட்டுங்கள் என்றேன். அவர் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்காகக் கொழும்பில் அன்று விடியற்காலையில் நான் யாருடைய காலிலும் விழுந்திருப்பேன்.